மூச்சு முட்டிய குளமும் துலால் வீட்டுக் கல்யாணமும்

துலால் நஸ்கர் எதிரில் யார் வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வானத்தைப் பார்ப்பார். "நல்லா இருக்கீங்களா அண்ணே?" என்று கேட்டால், அண்ணாந்து ஒரு நோட்டம் விட்டுவிட்டுத்தான் "இருக்கேன்" என்பார். மேகம் போட்டிருந்தால் "இருக்கேன்... இருக்கேன்..." என்று இழுப்பார். அவருடைய உடம்பு சௌக்கியத்தை வெயில்தான் தீர்மானித்துக்கொண்டிருந்தது.

அவர் எங்கள் மீன்பிடிச் சங்கத்தின் மதகுக்காரர். நான் பாருல். மதகுக்குப் பக்கத்தில் கரைமேல் டீ, பொரி, கத்தரிக்காய் பஜ்ஜி விற்கிறேன். என் புருஷன் ஜதின் அதே சங்கத்தில் வலை இழுக்கிறவர். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பேச்சு. கொல்கத்தாவின் சாக்கடை மொத்தமும் என் கடையைத் தாண்டித்தான் ஓடுகிறது. அந்த மணத்திலும் வாடிக்கையாளர் வந்து உட்காருகிறார் என்றால் என் வாய்க்காகத்தான்.

நகரத்தில் குழாயைத் திறந்து கை கழுவுகிறவர்களுக்கு அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்ற கவலை இல்லை. எங்கே போகும்? எங்களிடம்தான் வரும். கறுகறுவென்று வரும். அரிசி களைந்த தண்ணீர், பருப்பு கழுவிய தண்ணீர், அப்புறம் மற்றது. அந்த மற்றதைப் பற்றி நீங்கள் சாப்பிட்டு முடித்த பிறகு சொல்கிறேன். மதகைத் தூக்கி அதை இடுப்பளவு ஆழமுள்ள குளங்களில் விட்டு, வெயிலில் கிடக்கப் போட்டால், சில நாளில் நாற்றம் போய்த் தண்ணீர் பச்சை பிடிக்கும். அந்தப் பச்சைதான் எங்களுக்குச் சொத்து, சுகம் எல்லாம். கண்ணுக்குத் தெரியாத பாசி வெயிலைக் குடித்து, அழுக்கைத் தின்று பெருகும். பாசியைத் தின்னப் பொடிப்பூச்சி வரும். பாசியையும் பூச்சியையும் தின்று ரோகுவும் கட்லாவும் கொழுக்கும். விடியற்காலையில் அவற்றைப் பிடித்து, அலுமினியப் பானையில் உயிரோடு கொண்டுபோய் அதே நகரத்துக்காரனிடம் விற்போம். அவன் கடுகு அரைத்து ஊற்றிக் குழம்பு வைத்து, முள்ளை உறிஞ்சிச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் மறுபடியும் குழாயைத் திறப்பான். இதில் யார் யாருக்குச் சோறு போடுகிறார்கள் என்று துலாலண்ணனைக் கேட்டால் கையை மேலே காட்டுவார். சாமியைச் சொல்கிறார் என்று புதிதாக வருகிறவர்கள் கும்பிட்டுக்கொள்வார்கள். அவர் சூரியனைச் சொல்வார்.

தண்ணீரைச் சோதிக்க அவரிடம் இருந்த கருவி அவருடைய வலது கை. முழங்கை வரை குளத்தில் விட்டு உள்ளங்கை தெரிகிறதா என்று பார்ப்பார். பளிச்சென்று தெரிந்தால் குளத்துக்குப் பசி, இன்னும் கொஞ்சம் சாக்கடை விடலாம். மணிக்கட்டுக்கே கை மறைந்துவிட்டால் குளத்துக்கு அஜீரணம், மதகை இறக்கு. எங்கள் சங்கத்தில் எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறோம். ஆனால் அவர் கையை எடுத்து முகர்ந்து, நாக்கைச் சப்புக்கொட்டி, சமையல்காரர் குழம்பைப் பார்ப்பதுபோல் தலையாட்டுவார். பார்க்கிற எனக்குத்தான் குமட்டும்.

"வர்ற தண்ணி அரிசி. வெயிலு அடுப்பு. அடுப்பு எரியாதப்ப அரிசியப் போடாதே." இதை அவர் சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டுக் கிளிகூடச் சொல்லியிருக்கும், கிளி வளர்த்திருந்தால். விஷயம் இதுதான். வெயில் இருந்தால் பாசி தண்ணீருக்கு மூச்சு கொடுக்கும். மேகம் மூடினால் பாசி தூங்கிவிடும். அந்த நேரத்தில் கறுப்புத் தண்ணீரையும் விட்டால், அது அழுகுவதற்கு இருக்கிற மூச்சையெல்லாம் இழுத்துக்கொள்ளும். விடியும்போது மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே மிதக்கும். இதெல்லாம் எங்கள் குழந்தைகளுக்கே தெரியும். அப்படிப்பட்ட துலாலண்ணன்தான் அந்தத் தப்பைச் செய்தார். அதுவும் மகன் கல்யாணத்தில்.

மகன் சுபல் பேட்டரி ஆட்டோ ஓட்டுகிறான். கஸ்பாவில் மொபைல் கடையில் வேலை பார்க்கும் ஜூம்பா தினமும் அவன் வண்டியில் ஏறினாள். ஒருநாள் வழக்கமாக இறங்கும் இடத்தில் இறங்காமல் இருந்துவிட்டாள், அவ்வளவுதான் கதை. தாய் தகப்பன் நினைவு தெரியும் முன்பே போய்ச்சேர்ந்த பெண். வளர்த்தது நமிதா என்ற அத்தை. அந்த அம்மாளும் நானும் ஒரே அச்சு. அதனால்தான் முதல் பார்வையிலேயே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

நிச்சயம் பேச வந்த அன்று நமிதா மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டே கரைமேல் நடந்து வந்தாள். உட்கார்ந்து, என் டீயைக் குடித்து, இனிப்பையும் சாப்பிட்டுவிட்டு மெல்ல ஆரம்பித்தாள்.

"சம்பந்தி, மஞ்சள் பூசுற அன்னிக்கு உங்க சீர்ல மீன் வரும்ல? கோவிச்சுக்காதீங்க. இந்தச் சாக்கடை மீன மட்டும் அனுப்பிடாதீங்க. நாலு பேர் வர்ற எடம். மார்க்கெட்டுல ஆந்திரா ரோகு ஐஸ் போட்டு சுத்தமா வருது, அதுல ஒண்ணு வாங்கி அனுப்புங்க, போதும்."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குப் போகும் சீரில் பெரிய ரோகு இல்லாவிட்டால் அது சீரே இல்லை. அதற்குக் குட்டிப் புடவை சுற்றி, மூக்குத்தி மாட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து, கல்யாணப் பெண்ணாகவே அலங்கரித்துத் தாம்பாளத்தில் படுக்கவைத்து அனுப்புவோம். அதை ஆந்திராவிலிருந்து வரவழைக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? துலாலண்ணன் மனைவி தரங்கிணி அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

துலாலண்ணன் சிரித்தார். "ஐஸ்ல வர்றது பொணம்மா. நான் அனுப்பப் போறது பொண்ணு. எங்க குளத்து ரோகுவுக்குத்தான் பொடவ கட்டுவேன். அதப் பாத்துட்டு நீங்களே கண்ணுபடக் கூடாதுன்னு திருஷ்டி கழிப்பீங்க, பாருங்க!"

"பாப்போம், பாப்போம்" என்றாள் நமிதா, கைக்குட்டையை எடுக்காமலே.

அன்றிலிருந்து மனுஷனுக்கு நிலைகொள்ளவில்லை. குளங்களுக்கு நடுவிலிருந்த நடுக்குளத்தில்தான் பெரிய ரோகுகள் இருந்தன. அவை இன்னும் கொழுக்க வேண்டும், பார்க்கிறவர்கள் வாய் பிளக்க வேண்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாக மதகை அதிகம் தூக்க ஆரம்பித்தார். கண்ணும் கருத்துமாகத்தான் செய்தார். வெயிலும் கூடவே இருந்ததால் குளம் தாங்கிக்கொண்டது. ஆனால் கார்த்திகையை ஒட்டி வரும் எங்கள் அக்ராண் மாதத்தில் நல்ல முகூர்த்தமும் வரும், கடலில் காற்றழுத்தத் தாழ்வும் வரும். கல்யாணம் நெருங்கும்போது வானம் அழுக்குத் துணிபோல் மூடிக்கொண்டது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். மதகுப் பலகை கிறீச்சிடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் துலாலண்ணன் பலகையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்.

"அண்ணே! அடுப்பு எரியலியே?"

"மத்தியானம் எரியும்."

"யாரு சொன்னது?"

"எனக்குத் தெரியும். நீ பஜ்ஜியப் பாரு, கருகுது."

பஜ்ஜி கருகவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் பொய் அது. ஆசை வெட்கம் அறியாது என்பார்கள், அது வானத்தையும் அறியாது போலிருக்கிறது. மத்தியானம் வெயில் வரவில்லை. சாயங்காலம் அவர் கையைக் குளத்தில் விட்டுப் பார்த்துவிட்டு மதகை இறக்கி வைத்தார். வீட்டில் விருந்தாளிகள் நிறைந்திருந்தார்கள், நானும் வெங்காயம் உரிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் விடியற்காலை மாப்பிள்ளைக்கு மஞ்சள். முற்றத்தில் நான்கு வாழைக்கன்று நட்டு, நடுவில் சுபலை உட்காரவைத்துப் பெண்கள் குலவையிட்டு மஞ்சள் அப்பிக்கொண்டிருந்தோம். மேளக்காரர்கள் இரண்டு பேர் வெளுத்து வாங்கினார்கள். அவன் மேல் பட்ட மஞ்சளில் மிச்சத்தை எடுத்துக்கொண்டு, ரோகுவையும் தூக்கிக்கொண்டு சீர் கஸ்பாவுக்குப் போக வேண்டும். ரோகு பிடிக்கப் போன ஜதின் வெறும் வலையோடு ஓடிவந்தார்.

"குளம் மேல வந்திருச்சு!"

மேளம் நின்றது. எங்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். எல்லோரும் ஓடினோம்.

நடுக்குளம் முழுக்க வாய்கள். ஆயிரக்கணக்கான வட்ட வாய்கள் தண்ணீருக்கு வெளியே நீண்டு காற்றைக் கவ்விக்கொண்டிருந்தன. சப் சப் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அந்தக் குளம் துலால் நஸ்கருடைய சொத்து இல்லை. எங்கள் குடியிருப்பில் அத்தனை வீட்டு அடுப்பும் அந்த மீனில்தான் எரிகிறது. அது செத்து மிதந்தால் அடுத்த மீன்குஞ்சு விட்டு வளர்த்து எடுக்கும்வரை எங்களுக்கு வேலை கிடையாது, சோறும் கிடையாது.

துலாலண்ணன் கரையில் நின்றார். கல்யாணத்துக்கு எடுத்த புது வேட்டி.

"நான்தான்" என்றார். "நான்தான் தெறந்தேன்."

ஜதினுக்குக் கோபம் வந்தால் மரியாதை பார்க்க மாட்டார். "தெரியும்யா! ஊருக்கே தெரியும்! அழுவுறதுன்னா தண்ணிக்குள்ள நின்னு அழு! எறங்கு!"

வேட்டியோடு இறங்கினார். அவருக்குப் பின்னால் சங்கத்து ஆட்கள் எல்லோரும். தண்ணீரை அடித்துக் கலக்கிக் காற்றை உள்ளே ஏற்ற வேண்டும், வெயில் வரும்வரை வேறு வழியில்லை. சிலர் சுண்ணாம்பு தூவினார்கள். சிலர் படகுகளில் ஏறி நின்று இருபுறமும் ஆட்டினார்கள். ஆள் போதவில்லை. மஞ்சள் பூசிய மாப்பிள்ளை வாசலைத் தாண்டக் கூடாது என்று தரங்கிணி அண்ணி கதறக் கதற, சுபல் ஒரு வாழைக்கன்றைப் பிடுங்கிக்கொண்டு குதித்தான். மற்ற மூன்று கன்றுகளை விருந்தாளிகள் பிடுங்கினார்கள். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வடைச்சட்டியோடு இறங்கினேன். மேளக்காரர்கள் கரையில் நின்று விழித்தார்கள்.

"என்னப்பா, கூலி வாங்கிட்டு வேடிக்க பாக்குறீங்க?" என்றேன்.

"நாங்க மேளந்தானே அடிக்க வந்தோம்?"

"அங்க அடிக்கிறத இங்க அடிங்க, தண்ணிக்குத் தோலு கிழியாது!"

மேளத்தைக் கரையில் வைத்துவிட்டுக் குச்சிகளோடு இறங்கினார்கள். சும்மா சொல்லக் கூடாது, தாளத்தோடு அடித்தார்கள். அந்தத் தாளத்துக்கு நாங்களும் அடித்தோம். கொஞ்ச நேரத்தில் பயம் போய், ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் தெறித்து, கிழவர்கள்கூடக் கெட்ட பாட்டு ஒன்று எடுத்துவிட்டார்கள். சுபலைச் சுற்றித் தண்ணீர் மஞ்சளாகக் கரைந்தது. "மாப்பிள்ளே, பொண்ணுக்கு அனுப்ப மஞ்சள் மிச்சம் வைடா!" என்று கத்தினார் ஜதின். "மீனுக்கெல்லாம் பூசிட்டான், இனி எத்தன பொண்டாட்டியோ!" என்றேன் நான். துலாலண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தார். உள்ளங்கை தோல் உரிந்து போயிருந்தது.

அப்போது கரைமேல் ஒரு ஆட்டோ வந்து நின்றது. சீர் வரவில்லை, போனை யாரும் எடுக்கவில்லை. நமிதா நேரிலேயே வந்துவிட்டாள், பட்டுப்புடவையும் கைப்பையுமாக.

"எங்க மாப்பிள்ள? ஓடிட்டானா?"

சுபல் குளத்து நடுவிலிருந்து வாழைக்கன்றை உயர்த்திக் காட்டினான். "இங்க இருக்கேன் அத்தே!"

"கடவுளே! கல்யாணத்தன்னிக்கு நீச்சலடிக்கிறானே!" என்று அவள் இரண்டடி முன்னால் வைத்தாள். எங்கள் கரை புதிய ஆளைக் கண்டால் சும்மா விடாது. சறுக்கிக்கொண்டு நேராக இடுப்பளவுத் தண்ணீரில் வந்து நின்றாள். அவள் தன்னைப் பார்த்தாள், சுற்றி வாய் பிளந்து கிடக்கும் மீன்களைப் பார்த்தாள். ஒரு ரோகு அவள் புடவை மடிப்பில் வந்து முட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது.

"என்னடி ஆச்சு இதுக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

"மூச்சு முட்டுது."

"அதுக்கு?"

"தண்ணிய அடிக்கணும்."

"அத முதல்லயே சொல்றதுக்கு என்ன? பட்டு நனைஞ்சாச்சு, இனி என்ன பாக்குறது!" கைப்பையின் பிடியைப் பிடித்துச் சுழற்றித் தண்ணீரில் ஓங்கி அடித்தாள். அப்படி ஒரு அடி. அதற்கப்புறம் எனக்குப் பக்கத்தில்தான் அடித்தாள், வாயும் ஓயவில்லை, கையும் ஓயவில்லை. அவளைப் பிடிக்காமல் இருப்பது எனக்குக் கஷ்டமாகிவிட்டது.

காற்று மாறியதை முதலில் துலாலண்ணன்தான் கண்டார். தெற்கே ஒரு ஓரத்தில் மேகம் விலகி, வெயில் கோடாக விழுந்து, தாப்பா குப்பை மேட்டின் மேலே ஏறி, காலிஃபிளவர் தோட்டத்தைக் கடந்து, எங்கள் குளத்துக்குள் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சை விழித்துக்கொண்டது. வாய்கள் ஒன்றொன்றாகக் கீழே போயின. கடைசி வாய் மறைந்ததும் நாங்கள் போட்ட குலவை கஸ்பா வரை கேட்டிருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன்.

"சரி, எங்க உங்க மீன் பொண்ணு?" என்றாள் நமிதா, புடவையைப் பிழிந்துகொண்டே. "பிடிங்க, நேரமாச்சு."

துலாலண்ணன் தலையை ஆட்டினார். "இன்னிக்கு இந்தக் குளத்துல வல விழாதும்மா. இப்பத்தான் மூச்சு வந்திருக்கு. வலைய இழுத்தா பயத்துலயே செத்துப்போகும்."

"ஒண்ணே ஒண்ணு?"

"ஒண்ணுகூட." உரிந்த உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார். அப்புறம் ஜதினைப் பார்த்து, "மார்க்கெட்டுக்குப் போயி ஆந்திரா மீன் வாங்கிட்டு வா" என்றார்.

அத்தனை பேர் முன்னால் சவால் விட்ட மனுஷன் அதைச் சொல்ல என்ன பாடுபட்டார் என்று எனக்குத் தெரியும். வந்த மீன் விறைத்துப்போய், கண் வெளுத்து, புடவை கட்டியும் பலகைக்குத் துணி சுற்றியதுபோலத்தான் இருந்தது. நமிதா அதை ஒரு பார்வை பார்த்தாள். கேலி செய்யப் போகிறாள் என்று நான் கரண்டியைத் தேடினேன். அவள் தாம்பாளத்தைத் தானே தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

மகன் தாலி கட்டுவதை, எங்கள் வழக்கப்படி சொன்னால் வகிட்டில் குங்குமமிடுவதை, தாய் பார்க்கக் கூடாது. தகப்பன் பார்க்கலாம். துலாலண்ணன் அதையும் பார்க்கவில்லை. "ஒரு ராத்திரி தாண்டுனாத்தான் பொழச்சுதுன்னு அர்த்தம். நான் வரல" என்று சொல்லிவிட்டுப் படகில் போய் உட்கார்ந்துகொண்டார். சுபல் குனிந்து காலைத் தொட்டபோது, "போடா, நேரமாச்சு" என்று மட்டும் சொன்னார். அவருடைய இடத்தில் ஜதின் போனார்.

மறுநாள் காலையில் நான் கடை திறக்கும்போது துலாலண்ணன் படகிலேயே, குளத்தில் முழங்கை வரை கையை விட்டபடி படுத்துக் கிடந்தார். செத்துப்போய்விட்டாரோ என்று பதறி ஓடினேன். தூங்கிக்கொண்டிருந்தார். குளத்தில் ஒரு வாய்கூட மேலே இல்லை. வானம் கழுவிவிட்ட வெண்கலத் தட்டுபோல் இருந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் புது மருமகள் வந்தாள். மருமகள் வீட்டுக்குள் நுழையும்போது பாலும் செம்பஞ்சுக் குழம்பும் கலந்த தட்டில் கால் வைத்து, கையில் உயிர்மீன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். எல்லா வீட்டிலும் அதற்குக் குறவை மீன்தான் பிடிப்பார்கள். சின்னது, கைக்கு அடங்கும், லேசில் சாகாது. தரங்கிணி அண்ணி ஒன்றைப் பானையில் தயாராக வைத்திருந்தாள்.

துலாலண்ணன் வேண்டாம் என்றார். "குறவ சேத்துலயும் பொழைக்கும், செருப்புக்குள்ள போட்டாலும் பொழைக்கும். அத வச்சு என்ன தெரியும்? என் மருமக கையில ரோகு துள்ளணும்." கரையோரத்தில் ஒரே ஒரு வீச்சு வலை போட்டார். ஒரு நல்ல ரோகு வந்தது. ஈரக்கையோடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தார்.

ஜூம்பா சிவப்பு பனாரஸ் பட்டில் தட்டில் நின்றுகொண்டிருந்தாள். ரோகுவை அவள் கையில் வைத்தார். அது ஒரு துள்ளுத் துள்ளியது. பக்கத்தில் நின்ற நமிதாவின் கன்னத்தில் வாலால் பளாரென்று ஒரு அறை. கூட்டம் வெடித்துச் சிரித்தது.

"பாத்தீங்களா சம்பந்தி, எங்க பொண்ணுக்குக் கோவம்!" என்றேன்.

"உன்ன மாதிரியே இருக்கு!" என்று கன்னத்தைத் தடவிக்கொண்டாள் நமிதா.

ஜூம்பா மீனை விடவில்லை. மார்போடு இறுக்கிப் பிடித்தாள். பனாரஸ் முழுக்கப் பச்சைத் தண்ணீர் வடிந்தது. பெண்கள் குலவையிட, சங்கு ஊத, வாசற்படியைத் தாண்டிக் காலை வைக்க வேண்டிய நேரம். அவள் வைக்கவில்லை. குனிந்து மீனின் வாயைப் பார்த்தாள். அது திறந்து திறந்து மூடியது. நிமிர்ந்து கூட்டத்தில் தேடி, ஓரமாக நின்ற துலாலண்ணனைக் கண்டுபிடித்தாள்.

"அப்பா" என்றாள். "இதுக்கு மூச்சு முட்டுது. சீக்கிரம் தண்ணில விடுங்க."

சங்கு ஊதியவள் நிறுத்திவிட்டாள். துலாலண்ணன் மருமகளிடமிருந்து மீனை வாங்கினார். "இதோம்மா, இதோ" என்று சொல்லிக்கொண்டே, கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல், குளத்தைப் பார்த்து ஓடினார்.